இல்லை என்றால், எங்கே இல்லை?

இந்த மாதம் மெயிலில் வந்த கேள்விகளை அடுக்கிப் பார்த்தபோது ஒரு வேடிக்கை. ஐந்து ஊரிலிருந்து ஐந்து பேர் எழுதியிருக்கிறார்கள். வேலையும், கோட் எழுதப் பயன்படுத்தும் எடிட்டரும் வேறு வேறு. ஆனால் சுற்றிச் சுற்றிக் கேட்டிருப்பது ஒன்றைத்தான்: நான் தேடச் சொன்னால் இது எங்கே போய்த் தேடுகிறது? அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே. பிரிண்டர் ஓடவில்லை, வைஃபை வரவில்லை என்று எழுதியவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (கோவில்பட்டியிலிருந்து ஒரு வாசகி): சின்ன நிறுவனம் ஒன்றில் வெப்சைட் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. வி.எஸ். கோடில் 'டோட்டல்' என்று தேடினால் ஆயிரக்கணக்கில் வந்து விழுகிறது. பாதிக்கு மேல் நான் கண்ணால் பார்த்தே இராத ஃபைல்கள். தேடி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. எதையெல்லாம் தேடலிலிருந்து எடுத்துவிடலாம்?

பதில்: நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது பக்கம் உச்சியில் ப்ராஜெக்டின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'வொர்க்' என்று இருக்கிறது. அதற்குக் கீழே பதினோரு ஃபோல்டர். ஒரு ப்ராஜெக்டைத் திறப்பதற்குப் பதில், உங்கள் ஆபீஸ் இதுவரை செய்த அத்தனை ப்ராஜெக்டையும் ஒரே மூச்சில் திறந்து வைத்திருக்கிறீர்கள். வி.எஸ். கோடுக்கு 'தேடு' என்றால், திறந்திருக்கும் ஃபோல்டரின் அடி ஆழம் வரைக்கும் தேடு என்று அர்த்தம். பதினோரு வாடிக்கையாளருடைய 'டோட்டல்' எல்லாம் வரத்தான் செய்யும். முதலில் அன்றைக்கு வேலை செய்கிற ப்ராஜெக்டின் ஃபோல்டரை மட்டும் தனியாகத் திறங்கள். இரண்டு ப்ராஜெக்டை ஒன்றாகப் பார்க்க வேண்டியிருந்தால், ஃபைல் மெனுவில் 'ஆட் ஃபோல்டர் டு வொர்க்ஸ்பேஸ்' இருக்கிறது. மேலே இருக்கிற பெரிய ஃபோல்டரைத் திறக்கத் தேவையே இல்லை. உங்கள் டீ ஆறுவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

மீதிப் பாதிக்கு வருவோம். இந்த எடிட்டர் பெயரை வைத்துத் தானாக ஒதுக்குவது ரொம்பக் கொஞ்சம். தேடலில், பிறர் எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜுகள் வந்து இறங்கும் நோட்_மாட்யூல்ஸ், பழைய ஆட்கள் பயன்படுத்திய போவர்_காம்பொனென்ட்ஸ் இரண்டையும் விட்டுவிடும். கோடில் செய்த மாற்றங்களைப் பதிந்து காக்கும் கிட், எஸ்.வி.என்., மெர்க்கூரியல் ஆகியவை தங்கள் கணக்கு வழக்கை வைத்திருக்கும் ஃபோல்டர்களைக் கண்ணிலேயே காட்டாது. இது போக, கிட் எடுத்துப் போகக் கூடாதவற்றின் பட்டியலான கிட்இக்னோர் ஃபைல் ப்ராஜெக்டில் இருந்தால் அதில் எழுதியிருப்பதையும் தேடாது. உங்கள் ப்ராஜெக்டில் அந்த ஃபைலே இல்லை. அதனால் 'வெண்டர்', 'டிஸ்ட்', 'வீஎன்வ்' மூன்றுக்குள்ளும் புகுந்து புறப்படுகிறது. முதலாவதில் கம்போசர் இறக்கிய பி.எச்.பி. பேக்கேஜுகள், இரண்டாவதில் பில்டு செய்து வந்த சரக்கு, மூன்றாவதில் பைத்தானும் அதன் பேக்கேஜுகளும். ('ஓல்டு_கடைசி_காப்பி2' என்ற நான்காவது ஃபோல்டரைப் பற்றி நான் வாய் திறக்கப் போவதில்லை. என்னிடம் அப்படி மூன்று இருக்கின்றன.)

எதை எடுப்பது என்று குழம்பினால் நான் வைத்திருக்கும் சோதனை இது: இந்த ஃபோல்டரை இப்போது அழித்தால், ஒரே ஒரு கட்டளை கொடுத்து அப்படியே திரும்பக் கொண்டுவர முடியுமா? முடியும் என்றால் அது தேடலில் இருக்க வேண்டியதில்லை. முடியாது என்றால் அதை யாரோ ஒருவர் உட்கார்ந்து கையால் எழுதியிருக்கிறார். அதைத் தேடத்தான் வேண்டும். போன வருஷம் ஒரு மாணவியின் லேப்டாப்பில் சும்மா எண்ணிப் பார்த்தோம். அவள் எழுதிய ஃபைல்கள் 43. நோட்_மாட்யூல்ஸில் பேக்கேஜாக வந்து இறங்கியிருந்தவை 38,000 சொச்சம். டிஃபால்ட்டில், அதாவது யாரும் சொல்லாமல் தானாகவே, எடிட்டர் அந்த ஒரு ஃபோல்டரை ஒதுக்காமல் விட்டிருந்தால் அவளும் உங்களைப் போலத்தான் எனக்கு மெயில் எழுதியிருப்பாள்.

செட்டிங்ஸில் எழுதும்போது ஒரு இடத்தில் கவனம் வேண்டும். 'ஃபைல்ஸ் எக்ஸ்க்ளூட்', 'சர்ச் எக்ஸ்க்ளூட்' என்று இரண்டு இருக்கின்றன. முதலாவதில் எழுதினால் அந்த ஃபோல்டர் இடது பக்கப் பட்டியலிலிருந்தே மறைந்துவிடும், தேடலிலும் வராது. இரண்டாவதில் எழுதினால் பட்டியலில் இருக்கும், தேடலில் மட்டும் வராது. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. அதையும் உங்கள் சொந்த செட்டிங்ஸில் எழுதாமல், அந்த ப்ராஜெக்டின் செட்டிங்ஸில் எழுதுங்கள். ஒரு ப்ராஜெக்டில் 'டிஸ்ட்' குப்பை என்பதற்காக எல்லா ப்ராஜெக்டிலும் அது குப்பையாகிவிடாது. இதை நான் எப்படிக் கற்றேன் என்பது அடுத்த பதிலில் இருக்கிறது.

தேடல் பெட்டிக்குக் கீழே மூன்று புள்ளியை அமுக்கினால் 'இவற்றில் மட்டும்', 'இவை தவிர' என்று இரண்டு கட்டம் திறக்கும். முதல் கட்டத்தில் வெறுமனே 'அட்மின்' என்று எழுதினால், ப்ராஜெக்டின் எந்த மூலையில் அட்மின் என்ற பெயரில் ஃபோல்டரோ ஃபைலோ இருந்தாலும் எல்லாவற்றிலும் தேடும். உச்சியில் இருக்கிற அட்மின் ஃபோல்டரில் மட்டும் தேட வேண்டுமென்றால் முன்னால் புள்ளியும் சாய்கோடும் போட்டு './அட்மின்' என்று எழுத வேண்டும். இந்த இரண்டு எழுத்துத் தெரியாமல் நான் ஒரு வருஷம் ஓட்டியிருக்கிறேன். ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்து 'ஃபைண்ட் இன் ஃபோல்டர்' கொடுத்தால் அதுவே எழுதிக்கொள்ளும்.

தேடலிலிருந்து எடுத்துவிட்டால் எஃப்12 அடித்து ஃபங்ஷனின் மூலத்துக்குப் போவது கெட்டுவிடுமோ என்று பயப்பட வேண்டாம். அதைப் பார்த்துக்கொள்வது வேறு ஆள். எழுத்தைத் தேடுகிற இந்தப் பட்டியலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கேள்வி (திருவாரூரிலிருந்து ஒரு வாசகர்): எனக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. 'கான்ஃபிக் லோக்கல்' என்ற ஃபைலில் டேட்டாபேஸ் பெயர் இருக்கிறது, கண் முன்னால் தெரிகிறது. எடிட்டரில் தேடினால் எதுவும் கிடைக்கவில்லை என்கிறது. அந்த ஃபைலைத் திறந்து அதற்குள் தேடினால் கிடைக்கிறது. எடிட்டரில் கோளாறா?

பதில்: கோளாறு இல்லை சார். அந்த ஃபைலில் பாஸ்வேர்டு இருக்கும். அது வெளியே போய்விடக் கூடாது என்று உங்கள் குழுவில் யாரோ அதன் பெயரைக் கிட்இக்னோரில் சேர்த்திருப்பார்கள். தேடல் அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு, இது குப்பை போலிருக்கிறது என்று தாண்டிப் போய்விட்டது.

ஒரு பெயரைக் கிட்இக்னோரில் எழுத இரண்டு காரணம் உண்டு. ஒன்று, அது குப்பை. இன்னொன்று, அது ரகசியம். குப்பையை யாரும் தேட மாட்டார்கள். ரகசியத்தை எழுதியதே நீங்கள்தான், அதை நாளைக்கு நாலு தடவை தேடுவீர்கள். கிட்டுக்கு இரண்டும் ஒன்றுதான், இரண்டையும் எடுத்துப் போகாது. அந்தப் பட்டியலைத் தேடல் இரவல் வாங்கியதும் குழப்பம் வந்துவிட்டது. இருந்தாலும் இந்த டிஃபால்ட்டை நான் குறை சொல்ல மாட்டேன். பத்தில் ஒன்பது தடவை அது சரியாகத்தான் இருக்கிறது.

அவசரத்துக்கு: 'இவை தவிர' கட்டத்தின் ஓரத்தில் சின்னதாக ஒரு பல்சக்கரப் படம் இருக்கும். அதை அணைத்துவிட்டுத் தேடுங்கள், எல்லாக் கட்டுப்பாடும் விலகிவிடும். நிரந்தரமாக: கிட்இக்னோருக்குப் பக்கத்திலேயே வெறும் 'இக்னோர்' என்ற பெயரில் (முன்னால் புள்ளி வைத்து) ஒரு ஃபைல் உருவாக்கி, ஒரு ஆச்சரியக்குறி போட்டு அந்தக் கான்ஃபிக் ஃபைலின் பெயரை எழுதுங்கள். கிட் அந்த ஃபைலைக் கண்டுகொள்ளாது. தேடல் மட்டும் படிக்கும், கிட்இக்னோரைவிட அதற்கு அதிக மரியாதையும் கொடுக்கும். வி.எஸ். கோடுக்கு உள்ளே தேடுகிற ஆளின் பெயர் ரிப்கிரெப். ஆண்ட்ரூ கேலன்ட் என்பவர் 2016இல் வெளியிட்டது. அடுத்த வருஷமே வி.எஸ். கோட் அதை எடுத்துக்கொண்டது. இந்த வசதியெல்லாம் அங்கிருந்து வந்ததுதான். கட்டளைகளைத் தட்டும் டெர்மினலில் நேராக ரிப்கிரெப் பயன்படுத்துபவர்களுக்கு: கட்டளையில் ஒரு 'யு' சேர்த்தால் இக்னோர் பட்டியலை மதிக்காது. இரண்டு 'யு' என்றால் புள்ளியில் தொடங்கும் மறைவு ஃபைல்களும் வரும். மூன்று என்றால் எழுத்தாகப் படிக்க முடியாத பைனரி ஃபைலையும் விடாது. எடிட்டர் அந்த மறைவு ஃபைல்களைக் கேட்காமலே தேடும், டெர்மினலில் கேட்டால்தான் தேடும். ஒரே ஆள்தான், இடத்துக்கு இடம் நடத்தை மாறுகிறது.

இனி என் கதை. 2017 ஜூன். ஜூலை 1இலிருந்து ஜி.எஸ்.டி. நான் அப்போது ஈரோட்டில் கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதும் ஒரு சின்ன இடத்தில் இருந்தேன். பழைய மதிப்புக்கூட்டு வரியின் 14.5 என்ற எண் கோடில் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் மாற்றும் வேலை என்னுடையது. (ஒரு எண்ணை ஏன் பத்து இடத்தில் எழுதி வைத்தீர்கள் என்று கேட்காதீர்கள். எழுதியது நான் வருவதற்கு முன்பு. பாதியை.) தேடினேன், மாற்றினேன், மறுபடி தேடினேன். ஒன்றுமில்லை என்றது எடிட்டர். நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

ஜூலை 1 சனிக்கிழமை. பத்தரை மணிக்கு ஒரு பெயின்ட் கடை முதலாளி போனில் வந்தார். "மேடம், பில்லுல மேலே ஜி.எஸ்.டி. இருக்கு, கீழே வாட் பதினாலரைன்னும் இருக்கு. ரெண்டையும் வாங்கணுமா?" ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடினேன். பார்த்தால், மூன்று பெரிய வாடிக்கையாளர்களுக்கு மட்டும் பில் அச்சாகும் வடிவத்தைத் தனியாகக் கையால் எழுதி, 'அவுட்புட்' என்ற ஃபோல்டரில் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர் உள்ள ஃபோல்டரைத் தேடலிலிருந்து நீக்கியது யார்? நான்தான். இரண்டு வருஷத்துக்கு முன் வேறு ஒரு ப்ராஜெக்டில், லாக் ஃபைலாக வந்து குவிகிறது என்று என் சொந்த செட்டிங்ஸில் ஒரு வரி எழுதி, அன்றைக்கே மறந்தும் போனேன். அந்த வரி இத்தனை நாளும் அங்கேயே இருந்து, நான் தேடும்போதெல்லாம் சத்தமில்லாமல் வேலை பார்த்திருக்கிறது.

'கிடைக்கவில்லை' என்று எடிட்டர் சொன்னால், நான் தேடிய இடத்தில் கிடைக்கவில்லை என்றுதான் அர்த்தம். இப்போதைய வி.எஸ். கோட் அதைக் கொஞ்சம் நேர்மையாகவே சொல்கிறது. எதுவும் கிடைக்காதபோது, நீங்கள் ஒதுக்கி வைத்திருப்பவற்றையும் கிட்இக்னோரையும் ஒருமுறை பாருங்கள் என்று ஒரு வரி வரும். நாம்தான் படிப்பதில்லை. எதையாவது அழிப்பதற்கு முன் செய்யும் தேடலை மட்டும் அந்தப் பல்சக்கரத்தை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன், பெயின்ட் கடைக்காரர் புண்ணியத்தில்.

கேள்வி (பொள்ளாச்சி அருகிலிருந்து ஒரு பொறியியல் மாணவர்): அக்கா, இறுதியாண்டு ப்ராஜெக்டாக நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு சின்ன கோட் எடிட்டர் எழுதுகிறோம். தேடல் பெட்டியைத் திறந்தால் முதலில் எந்த ஃபோல்டர் இருக்க வேண்டும் என்பதில் சண்டை. ஒருவன் திறந்திருக்கும் ஃபைலின் ஃபோல்டர் என்கிறான். ஒருத்தி முழு ப்ராஜெக்ட் என்கிறாள். இன்னொருவன் ஹோம் ஃபோல்டரில் தொடங்கினால் எதுவும் விட்டுப்போகாது என்கிறான். கடைசியாகத் தேடிய இடத்தை ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும் என்பது என் கட்சி. யார் சொல்வது சரி?

பதில்: தம்பி, அந்தப் பெண் சொல்வதுதான் சரி. ஆனால் அவளுக்கும் வேலை இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

ஹோம் ஃபோல்டர் கட்சியை முதலில் கலைத்துவிடுவோம். அங்கே பிரவுசர் சேர்த்து வைத்த கேஷ் இருக்கும், கல்யாண போட்டோ இருக்கும், பேங்க் ஸ்டேட்மென்ட் இருக்கும். ஒன்டிரைவ் மாதிரி ஒன்று இருந்தால் பாதி ஃபைல்கள் பெயரளவில்தான் கணினியில் இருக்கும்; திறந்து படிக்கப் போனால் இணையத்திலிருந்து இறங்கத் தொடங்கும். உங்கள் எடிட்டர் ஒரு வார்த்தையைத் தேடப் போய், அந்த மாசத்து டேட்டா மொத்தத்தையும் தின்றுவிடும். மேக் கணினியில் இன்னும் கூத்து: 2019இல் வந்த கேட்டலினாவிலிருந்து டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ் ஒவ்வொன்றுக்கும் அனுமதி கேட்டு ஒரு பெட்டி வரும். 'டோட்டல்' என்று தேடியவரிடம் டாக்குமெண்ட்ஸைப் பார்க்கட்டுமா என்று கேட்டால் அவர் உங்கள் எடிட்டரை வைரஸ் என்றுதான் நினைப்பார்.

ஃபைலின் ஃபோல்டர் என்றவன் தப்பாகச் சொல்லவில்லை, இடம் மாற்றிச் சொல்கிறான். சி மொழியில் இன்னொரு ஃபைலைச் சேர்க்கச் சொல்லும் இன்க்ளூட் வரியில் மேற்கோள் குறி போட்டால் முதலில் அந்த ஃபைல் இருக்கும் ஃபோல்டரில்தான் தேடும். கோணக் குறி போட்டால் அங்கே பார்க்காமல் நேராக சிஸ்டத்தின் ஃபோல்டர்களுக்குப் போகும். ஒரு ஃபைல் இன்னொரு ஃபைலைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் இடத்தில் அது அருமையான டிஃபால்ட். ஆனால் மனிதர் ஒரு சொல்லைத் தேடும்போது, இந்த ஃபங்ஷனை வேறு யார் எங்கே கூப்பிடுகிறார்கள் என்றுதான் தேடுகிறார். பக்கத்து ஃபோல்டரில் இருப்பதைக் காட்டாமல் விட்டால் என் பெயின்ட் கடைக் கதைதான்.

உன் கட்சிக்கு வருகிறேன். எனக்குப் பயம் தருவது இதுதான். காலையில் 'டெஸ்ட்ஸ்' ஃபோல்டருக்குள் மட்டும் தேடியிருப்பாய். மத்தியானம் வேறு எதையோ தேடுவாய். இன்னும் டெஸ்ட்ஸுக்குள்தான் நிற்கிறோம் என்று உனக்கு ஞாபகம் இருக்காது. பழைய இடத்தை மேல் அம்புக்குறி அமுக்கினால் எடுத்துக் கொடு, நன்றி சொல்வார்கள். பெட்டி திறக்கும்போது தானாக அதில் நிற்க வைக்காதே. நோட்பேட்++ எடிட்டரின் தேடல் பெட்டியில் 'ஃபாலோ கரன்ட் டாக்' என்று ஒரு டிக் முன்பு இருந்தது. திறந்திருக்கும் ஃபைலின் பின்னாலேயே தேடும் இடமும் போவதற்கு அது. அதையாவது கண்ணுக்கு எதிரே ஒரு டிக்காக வைத்தார்களே என்று எனக்கு அதில் ஒரு மரியாதை.

சரி, ப்ராஜெக்ட். எது ப்ராஜெக்ட் என்று எடிட்டருக்கு எப்படித் தெரியும்? பயனர் ஒரு ஃபோல்டரைத் திறந்திருந்தால் கேள்வியே இல்லை, அதுதான். அவர் புத்திசாலித்தனத்தை உன் புத்திசாலித்தனத்தால் திருத்தாதே. ஒற்றை ஃபைலை மட்டும் திறந்திருந்தால், அது இருக்கும் இடத்திலிருந்து ஒவ்வொரு படியாக மேலே ஏறி, கிட்டின் கணக்கு வழக்கு இருக்கும் புள்ளி-கிட் தென்படுகிறதா என்று பார். தென்பட்ட படிதான் ப்ராஜெக்டின் தலைவாசல். இங்கே இரண்டு குழி இருக்கிறது. சில ப்ராஜெக்டுகளில், சப்மாட்யூல், வொர்க்ட்ரீ மாதிரி இடங்களில், புள்ளி-கிட் ஃபோல்டராக இருக்காது, ஒரு சின்ன ஃபைலாக இருக்கும். ஃபோல்டரா என்று சோதித்தால் தவறிப்போகும். இருக்கிறதா என்று மட்டும் கேள். அடுத்தது, ஹோம் ஃபோல்டரிலேயே யாரோ ஒரு நாள் தூக்கக் கலக்கத்தில் 'இங்கே ஒரு கிட் ப்ராஜெக்டைத் தொடங்கு' என்று சொல்லும் 'கிட் இனிட்' அடித்திருப்பார். கிட் படிக்கும் பிள்ளைகளில் வகுப்புக்கு ஒருவராவது இதைச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். ஏறிக்கொண்டே போனால் அவருடைய ஹோம் ஃபோல்டரே ப்ராஜெக்ட் ஆகிவிடும். அதனால் ஹோமுக்கு ஒரு படி கீழேயே நின்றுவிடு. அதுவரை எதுவும் தென்படவில்லை என்றால் ஃபைலின் ஃபோல்டர். அங்கே உன் நண்பன் சொன்னது நிற்கிறது.

டவுன்லோட்ஸில் இருக்கிற ஒரு ஃபைலைத் திறந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தாயா? இந்தக் கணக்குப்படி டவுன்லோட்ஸ் முழுவதும் தேடலுக்குள் வரும். அந்த மாதிரி நேரத்தில் உட்ஃபோல்டர்களுக்குள் இறங்காமல் அந்த ஒரு தட்டில் மட்டும் தேடுவது நல்லது என்பது என் அபிப்பிராயம். உன் குழு ஒத்துக்கொள்ளாவிட்டால் பரவாயில்லை.

ஒதுக்க வேண்டியவற்றில் கை நீளாதே. கிட், எஸ்.வி.என்., மெர்க்கூரியல் ஃபோல்டர்கள், நோட்_மாட்யூல்ஸ் என்று பெயர் பார்த்தாலே சந்தேகத்துக்கு இடமில்லாதவற்றை மட்டும் உள்ளேயே எழுதி வை. 'பில்டு', 'பின்', 'அவுட்', 'டார்கெட்' எல்லாம் குப்பைதானே என்று தோன்றும். ரஸ்ட் மொழியிலும், ஜாவாக்காரர்களின் மேவனிலும் 'டார்கெட்' குப்பைதான். ஆனால் பிஸினஸ் சாஃப்ட்வேரில் விற்பனை இலக்குக்கு ஒருவர் 'டார்கெட்' என்று ஃபோல்டர் வைத்திருப்பார், 'பில்டு' என்ற ஃபோல்டரில் கையால் எழுதிய ஸ்கிரிப்டுகள் இருக்கும். அதையெல்லாம் அந்தந்த ப்ராஜெக்டின் கிட்இக்னோர் சொல்லட்டும். ஃபைலுக்குள் மதிப்பு சுழியமாக ஒரு பைட் இருந்தால் அதைப் பைனரி என்று தள்ளிவிடு. யூனிக்ஸின் பழைய தேடல் கட்டளையான கிரெப்பும் ரிப்கிரெப்பும் அப்படித்தான் கண்டுபிடிக்கின்றன.

அந்தப் பெண்ணுக்கு வேலை என்றேனே. முடிவுகளுக்குக் கீழே ஒரு வரி வரவேண்டும்: இன்ன ஃபோல்டரில் தேடினேன், இத்தனை ஃபைல் பார்த்தேன், இந்த இந்த ஃபோல்டரை விட்டுவிட்டேன். விட்டதன் பெயரைத் தொட்டால் அதையும் சேர்த்து மறுபடி தேட வேண்டும். சப்லைம் டெக்ஸ்டில் 'வேர்' என்ற கட்டத்தில் தேடும் இடம் எழுத்தாகவே நிற்கும், பிடிக்காவிட்டால் அழித்து மாற்றலாம். அதிலிருந்து காப்பி அடித்துக்கொள்ளுங்கள். வைவாவில் கேட்டால் என் பெயரைச் சொல்ல வேண்டாம்.

கேள்வி (நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகர்): விம் எடிட்டர் பழகுகிறேன். ஃபைல் பெயரின் மேல் கர்சரை வைத்து 'ஜிஎஃப்' அடித்தால் அந்த ஃபைல் திறக்கும் என்று படித்தேன். சில பெயருக்குத் திறக்கிறது, பலவற்றுக்கு அப்படி ஒரு ஃபைலே இல்லை என்கிறது. இத்தனைக்கும் எல்லாம் ஒரே பைத்தான் ப்ராஜெக்ட்.

பதில்: விம்மில் 'பாத்' என்று ஒரு ஆப்ஷன் உண்டு, ஃபைலை எந்தெந்த ஃபோல்டரில் தேடுவது என்ற பட்டியல் அது. 'செட் பாத்?' என்று கேள்விக்குறியோடு அடித்துப் பாருங்கள். லினக்ஸில் ஒன்றும் மாற்றாத விம் என்றால் ஒரு புள்ளி, கமா, /யூஎஸ்ஆர்/இன்க்ளூட், இன்னும் இரண்டு கமா என்று காட்டும். எழுத்துப் பிழை போலத் தெரியும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் இருக்கிறது. புள்ளி என்றால் திறந்திருக்கும் ஃபைலின் ஃபோல்டர். நடுவில் இருப்பது யூனிக்ஸில் சி மொழியின் இன்க்ளூட் வரிகள் கூப்பிடும் ஹெடர் ஃபைல்கள் குடியிருக்கும் இடம். கடைசிக் கமாக்களுக்கு நடுவே இருக்கும் வெறுமைக்கு, நீங்கள் இப்போது நிற்கும் ஃபோல்டர் என்று பொருள். வெறுமைக்குப் பொருள் கொடுத்த ஆட்கள்!

பிராம் மூலெனார் விம்மை வெளியிட்டது 1991இல். அன்றைக்கு யூனிக்ஸில் உட்கார்ந்து கோட் எழுதுபவர் பெரும்பாலும் சி எழுதுபவர். ஹெடர் பெயரின் மேல் 'ஜிஎஃப்' அடித்தால் கண்ணை மூடிக்கொண்டு திறக்கும். விண்டோஸில் அந்த நடு ஃபோல்டர் பட்டியலிலேயே கிடையாது, ஏனென்றால் அங்கே அப்படி ஒரு இடமே இல்லை. அந்தக் காலத்துக்கு, அந்த ஆட்களுக்கு, அது அளவெடுத்துத் தைத்த சட்டை. பைத்தான்காரரான உங்களுக்குத் தோள்பட்டை இடிக்கிறது.

'பாத்'தில் இரண்டு நட்சத்திரம் சேர்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு குறிப்பு எல்லா இடத்திலும் கிடைக்கும். நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து 30 அடுக்கு ஆழம் வரை போய்த் தேடும். சின்ன ப்ராஜெக்டில் சொர்க்கம். உள்ளே ஒரு நோட்_மாட்யூல்ஸோ வீஎன்வோ இருந்தால், 'ஃபைண்ட்' அடித்து டேப் அமுக்கியதும் விம் உறைந்து நிற்கும். அதனால் 'சோர்ஸ்/', 'டெஸ்ட்ஸ்/' என்று நீங்கள் எழுதிய ஃபோல்டர்களை மட்டும் பெயர் சொல்லிச் சேருங்கள். 'செட்'டுக்குப் பதில் 'செட்லோக்கல்' போட்டு, பைத்தானுக்கான அமைப்பு ஃபைலில் எழுதினால் மற்ற மொழிகளைத் தொந்தரவு செய்யாது. பைத்தானில் இம்போர்ட் வரியில் பெயருக்குப் பின்னால் .பிஒய் இருக்காது அல்லவா? 'சஃபிக்ஸஸ்ஆட்' என்ற ஆப்ஷனில் அதையும் சொல்லிவிடுங்கள். பட்டியலில் எது முன்னால் இருக்கிறதோ அதுதான் ஜெயிக்கும். ஒரே பெயரில் இரண்டு ஃபைல் இருந்து தப்பானது திறந்தால், வரிசையை மாற்றினால் போதும்.

கேள்வி (ராணிப்பேட்டையிலிருந்து ஒரு வாசகி): எங்கள் ஃபேக்டரியில் ஒரு பழைய லினக்ஸ் சர்வர் இருக்கிறது. அதில் எடிட்டர் எதுவும் போட அனுமதி இல்லை. 'கிரெப்' கட்டளையோடு, உட்ஃபோல்டர்களுக்குள்ளும் தேடச் சொல்லும் 'ஆர்' சேர்த்து, தேட வேண்டிய சொல்லையும் கொடுத்தால், மணிக்கணக்காக அப்படியே நிற்கிறது. ஃபைல்கள் அதிகமா, சர்வர் பழசா?

பதில்: இரண்டும் இல்லை அம்மா. அது தேடவே தொடங்கவில்லை. எங்கே தேடுவது என்று நீங்கள் சொல்லவில்லை. பழைய கிரெப், இடம் சொல்லாவிட்டால் நீங்கள் கீபோர்டில் தட்டப் போவதில்தான் தேட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு காத்திருக்கும். அது உங்களுக்காகக் காத்திருக்கிறது, நீங்கள் அதற்காகக் காத்திருக்கிறீர்கள்.

கென் தாம்சன் கிரெப்பை யூனிக்ஸில் வைத்தது 1973இல். குழாய்க்கு நடுவே நிற்பதும் அதன் வேலை: ஒரு கட்டளையிலிருந்து வருவதை வாங்கி, வடிகட்டி, அடுத்ததற்கு அனுப்ப. அந்த வேலைக்கு, இடம் சொல்லாவிட்டால் வருவதைப் படி என்பது நியாயமான டிஃபால்ட். ஃபோல்டர் ஃபோல்டராகத் தேடச் சொல்லும்போது அது அபத்தமாகிவிட்டது. லினக்ஸில் வழக்கமாக இருக்கும் க்னூ கிரெப்பில் 2012இல் வந்த 2.11 பதிப்பில்தான், 'ஆர்' கொடுத்து இடம் கொடுக்காவிட்டால் நிற்கும் ஃபோல்டரில் தேடு என்று மாற்றினார்கள். அதற்கு முன்பு நானும் கட்டளையைத் தட்டிவிட்டு, பெரிய ப்ராஜெக்ட், நேரமாகும் என்று கேன்டீனுக்குப் போய் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு வந்தவள்தான். திரும்பி வந்தபோதும் கர்சர் அதே இடத்தில் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

கன்ட்ரோல்-சி அடித்து அதை நிறுத்துங்கள். அதே கட்டளையை மறுபடி எழுதி, கடைசியில் ஒரு இடைவெளி விட்டு ஒரு புள்ளி வையுங்கள்.